இருமலும் இருவினையும்

மாரடைப்புக்குப் பிறகு கொடுத்த ராமிப்ரில் மாத்திரையால் என் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது. கூடவே இருமலும் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குழியில் ஓயாத அரிப்பு. தேவார முற்றோதலில் ஒரு பதிகத்தை முழுதாகப் பாட முடியவில்லை. உடன் ஓதும் அன்பர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "வினைப்பயன் ஐயா, அனுபவிச்சுத்தான் கழிக்கணும்." நான் அதை ஏற்கவில்லை. சைவன் என்பதால்தான் ஏற்கவில்லை.

அந்த மருந்தின் பிறப்பைப் பாருங்கள். பிரேசிலில் உள்ள ஜராராக்கா என்ற விரியனின் நஞ்சில், ரத்தக் குழாயைத் தளர்த்தும் பிராடிகினினின் வேகத்தைக் கூட்டும் கூறு ஒன்று உண்டு. செர்ஜியோ ஃபெரேரா 1965-ல் அதைப் பற்றி எழுதினார். அந்தத் தடத்தில் போய், அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவன ஆய்வகத்தில் உருவாக்கிய கேப்டோபிரில் 1981-ல் அங்கே அனுமதி பெற்றது. ராமிப்ரிலும் அதே குடும்பம்தான். இவை தடுப்பது ஒரே ஒரு நொதியை. ரத்தக் குழாயை இறுக்கும் பொருளை உண்டாக்குவது அந்த நொதி. பிராடிகினினைச் சிதைப்பதும் அதுவே. தடுத்ததும் இதயத்தின் பாரம் குறைகிறது. சிதையாமல் சேரும் பிராடிகினின் சிலருக்கு இருமலைக் கிளப்புகிறது. நன்மையும் துன்பமும் ஒரே செயலின் பயன். இருந்தாலும் இந்த மருந்தை வெறுக்க எனக்கு மனம் வராது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் நடந்த, 1987-ல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில், போலி மாத்திரை பெற்றவர்களில் 44 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் இறந்தார்கள். இதே குடும்பத்து எனலாப்ரில் பெற்றவர்களில் அது 26 சதவீதம்.

நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றாகக் கொள்வதைச் சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்கிறது. அது பக்குவப்பட்ட உயிரின் நிலை. மருத்துவரிடம் சொல்லத் தயங்கி இருமிக்கொண்டே இருப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது சம்பந்தர் அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லவில்லை. வினை என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழி நாடாமலிருப்பது குறையல்லவா என்று கேட்டே திருநீலகண்டப் பதிகத்தைத் தொடங்குகிறார். அவர் காட்டும் வழி இறைவன் திருவடி. மருந்தை அதற்கு எதிராக நிறுத்த நான் ஒரு காரணமும் காணவில்லை. நஞ்சைக் கண்டத்தில் வைத்தவன் பெயரால் பாடிய பதிகம் அது. பாம்பு நஞ்சின் வழிவந்த மருந்து என் கண்டத்தை உறுத்தும்போது வேறெந்தப் பதிகம் நினைவுக்கு வரும்?

மருத்துவரிடம் சொன்னேன். அந்த நொதியைத் தொடாத டெல்மிசார்ட்டானுக்கு மாற்றினார். சில வாரங்களில் இருமல் அடங்கியது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி இருமிக்கொண்டிருக்கலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். தலைவிதி என்று மறைக்கவும் விடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போய் இருமலைப் பற்றிச் சொல்ல வையுங்கள். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் மட்டும் காத்திருக்கவே கூடாது. உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.