ஒளித்துவைத்த இரும்பு

பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் சீதபேதிக் கிருமி ஏன் வளர மறுக்கிறது? 1944இல் ஷேட், கரோலின் என்ற இரு ஆய்வாளர்கள் அதில் சிறிது இரும்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிருமி செழித்தது. அதுவரை அதைத் தடுத்தது விஷமல்ல, பட்டினி. வெள்ளைக்கருவிலுள்ள ஒரு புரதம் இரும்பை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

நோயுற்ற விலங்கின் உடலும் இதைத்தான் செய்கிறது. தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, செல்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலை அடைத்துவிடுகிறது. தீவனத்தில் கிடைத்த இரும்பு குடலோடு நின்றுவிடும். மண்ணீரலின் கதை இன்னும் சுவையானது. கிழட்டுச் சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்டுத் தருவது அதன் அன்றாட வேலை. மனித உடலில் இப்படி மீள்வது நாளொன்றுக்குச் சுமார் 20 மில்லிகிராம். உணவிலிருந்து சேர்வதோ ஒன்றிரண்டுதான். கிருமியோடு போரிடும் உறுப்பும் அதே மண்ணீரல். போர் மூண்டதும், மீட்ட இரும்பைத் தன் விழுங்கணுக்களுக்குள்ளேயே (கிருமிகளையும் கிழட்டுச் சிவப்பணுக்களையும் விழுங்கும் செல்கள்) முடக்கிக்கொள்கிறது.

பலன் உண்டா? 1979இல் அமெரிக்காவில் க்ளூகர், ராதன்பர்க் இருவரும் முயல்களுக்குப் பாஸ்டுரெல்லா கிருமியைச் செலுத்தினார்கள். காய்ச்சல் ஏறியது, இரத்தத்தில் இரும்பு இறங்கியது. ஆய்வுக்கூடத்தில் தனியே வளர்த்தபோது, காய்ச்சல் அளவு வெப்பம் மட்டும் அக்கிருமியை அசைக்கவில்லை. இரும்பையும் குறைத்த பிறகே அதன் வளர்ச்சி தளர்ந்தது.

சால்மொனெல்லாவோ பலே கள்ளன். இரும்பு பதுக்கிய அந்த விழுங்கணுவுக்குள்ளேயே குடியேறிவிடும். அதற்கும் உடலிடம் பதில் இருக்கிறது: கிருமி தங்கிய அறையிலிருந்து இரும்பை வெளியே இறைக்கும் ஒரு புரதம். அதற்கான மரபணுவைச் சுண்டெலியில் 1993இல் கண்டுபிடித்தார்கள். அது பழுதான சுண்டெலிகள் சால்மொனெல்லாவுக்கு எளிதில் பலியாகின்றன.

இந்தப் பதுக்கல் நாள்கணக்கில் நீண்டால், உடலில் இரும்பு இருந்தும் இரத்தசோகை வரும். அந்தச் சோகைக்கு வெளியிலிருந்து இரும்பைக் கொட்டுவது கிருமிக்கு விருந்தாகவும் முடியலாம். காய்ச்சலில் படுத்த மாட்டின் கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருந்தால் உடனே இரும்பு டானிக் வாங்க ஓடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலா, குடற்புழுவா, வேறு தொற்றா என்று முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.