மிச்சமான ஒளி யாருக்கு?

முன்பு 60 வாட் குண்டு பல்பு எரிந்த கூடத்தில் இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு எரிகிறது. வெளிச்சம் குறையவில்லை, செலவாகும் மின்சாரம் மட்டும் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்த மாற்றத்துக்கு வழிவகுத்தது நீல நிற ஒளியை உமிழும் டையோடு. அதை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நம் நாட்டில் உஜாலா திட்டம் தொடங்கப்பட்டது. அதன் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் குறைந்த விலையில் மக்களைச் சென்றடைந்தன. விஞ்ஞானியின் உழைப்பும் அரசின் முயற்சியும் சேர்ந்து கோடிக்கணக்கான இல்லங்களின் மின்கட்டணச் சுமையைக் குறைத்தன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒவ்வொரு விளக்கிலும் 51 வாட் மிச்சமாயிற்றே, அந்த மிச்சம் எங்கே போயிற்று? மேலோட்டமாகப் பார்த்தால் இது மின்வாரியத்தின் கணக்கு. ஆழ்ந்து பார்த்தால் மனிதனின் மனம் சம்பந்தப்பட்ட கணக்கு.

ஒரு பழைய பாடம்

1712-இல் தாமஸ் நியூகோமன் அமைத்த நீராவி எந்திரம் இங்கிலாந்தின் சுரங்கங்களிலிருந்து நீரை இறைத்தது. ஆனால் அது நிலக்கரியை அளவின்றி விழுங்கியது. ஒரே உருளையைச் சூடேற்றுவதும் குளிர்விப்பதும் மாறி மாறி நடந்ததால் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாயிற்று. ஜேம்ஸ் வாட் இந்தக் குறையைக் கண்டுகொண்டார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் ஒன்றை அமைத்து, 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே வேலைக்கு முன்னிலும் மிகக் குறைந்த நிலக்கரியே போதும் என்ற நிலை வந்தது.

அப்படியானால் பிரிட்டனின் நிலக்கரிச் செலவு குறைந்திருக்க வேண்டும். நடந்ததோ அதற்கு நேர்மாறானது. எந்திரம் சிக்கனமானதும் அதை இயக்குவது மலிவாயிற்று. சுரங்கத்தில் மட்டும் இருந்த எந்திரம் நூற்பாலைக்கும் இரும்பு உலைக்கும் பரவியது. பின்னர் வந்த மேம்பாடுகளால் ரயிலுக்கும் கப்பலுக்கும் சென்றது. 1865-இல், முப்பது வயதையும் எட்டாத பொருளியல் அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் இதை எடுத்துக்காட்டினார். ஒரு பொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தாலே அதன் மொத்தச் செலவு குறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு என்பது அவரது முடிவு. அவர் நூல் வெளிவந்த பின்னும் நிலக்கரி உற்பத்தி ஏறிக்கொண்டே போய், 1913-இல் பிரிட்டனில் ஏறத்தாழ 29 கோடி டன்னைத் தொட்டது.

இது எல்லாக் காலத்திலும் முழு அளவில் நிகழும் விதியன்று. பல சமயங்களில் சேமிப்பின் ஒரு பகுதிதான் இவ்வாறு கரைகிறது. எஞ்சிய பகுதி உண்மையான லாபமே. ஆயினும் அந்தப் போக்கு இன்றும் தொடர்கிறது. 2012 முதல் 2016 வரை செயற்கைக்கோள்கள் பூமியின் இரவை அளந்தன. சிக்கன விளக்குகள் உலகெங்கும் பரவிய அதே ஆண்டுகளில், செயற்கை ஒளி படர்ந்த நிலப்பரப்பு ஆண்டுதோறும் 2 சதவீதத்துக்கும் மேல் விரிந்தது தெரியவந்தது. விளக்கு குறைவாக உண்டது; மனிதன் விளக்குகளைப் பெருக்கினான்.

ஆசையின் கணக்கு

இது ஏன் நிகழ்கிறது? கருவி தேவையை நிறைவு செய்கிறது. ஆசையை அது தொடுவதில்லை. தேவைக்கு எல்லை உண்டு. படிக்க இவ்வளவு வெளிச்சம், சமைக்க இவ்வளவு வெப்பம் என்று அதை அளந்துவிடலாம். ஆசைக்கு அத்தகைய எல்லை கிடையாது. வேதாந்தம் இதற்குக் காரணம் கூறுகிறது. மனிதனின் உண்மை இயல்பு பூரணமானது. அதை அறியாத நிலையில் அவன் தன்னை ஏதோ குறைந்தவனாக உணர்கிறான். அந்தக் குறையை வெளிப்பொருள்களால் இட்டு நிரப்ப முயல்கிறான். எல்லையற்றதற்கான ஏக்கத்தை எல்லையுள்ள பொருள் தீர்ப்பது எங்ஙனம்? ஒன்று கிடைத்த மாத்திரத்தில் மனம் அடுத்ததை நாடுகிறது. அடுத்தது மலிவாகவும் கிடைத்துவிட்டால் நாடும் வேகம் கூடுகிறது.

எனவே, கண்டுபிடிப்புகளைக் குறை கூறுவதில் பயனில்லை. கையிலுள்ள கத்தி காய் நறுக்குமா, காயப்படுத்துமா என்பதைக் கத்தி தீர்மானிப்பதில்லை. சிக்கனமான கருவி மனிதனின் கையில் ஒரு மிச்சத்தை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அதற்குப் பின் என்ன செய்வது என்ற முடிவை எந்த எந்திரமும் அவனுக்காக எடுக்க இயலாது.

இருளில் இருப்பவருக்குத் துறவு உபதேசமா?

இவ்விடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். விளக்கே இல்லாத குடிசையில் புலனடக்கம் பேசலாமா? பேசலாகாது. 1893 செப்டம்பர் 20 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர் இதையே உணர்த்தினார். பசியால் வாடுபவனுக்குத் தத்துவம் போதிப்பது அவனை அவமதிப்பதாகும் என்பது அவர் கருத்து. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கண் எரியப் படிக்கும் குழந்தைக்கு வேண்டியது உபதேசமன்று, விளக்கு.

ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள திலோனியா கிராமத்தில் 1972-இல் தொடங்கப்பட்ட ‘பேர்ஃபுட் கல்லூரி’ இதைச் செயலில் காட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள், அவர்களில் பலர் பாட்டிமார்கள், அங்கே வந்து தங்கி, நிறங்களையும் குறியீடுகளையும் கொண்டு சூரிய விளக்குகளை அமைக்கவும் பழுதுபார்க்கவும் கற்றனர். நம் நாட்டின் கிராமங்களிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்த அப்பெண்கள், தங்கள் ஊருக்குத் திரும்பி வீடுகளில் ஒளியேற்றினர். இங்கே கருவி ஆசையைப் பெருக்கவில்லை. மனிதரின் கண்ணியத்தை உயர்த்தியது.

இயந்திரங்களின் எதிரி என்று பலரும் கருதும் காந்தியடிகளும் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். 1924-இல் சாந்திநிகேதன் மாணவரான ராமச்சந்திரன் அவரிடம் இதுபற்றி வினவினார். பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர் இவர். இயந்திரத்தை அன்று, இயந்திர மோகத்தையே தாம் எதிர்ப்பதாகக் காந்தியடிகள் விளக்கினார். பயனுள்ள கண்டுபிடிப்புக்குச் சான்றாகத் தையல் இயந்திரத்தைக் காட்டினார். 1929-இல் சிறந்த கைராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. விலை 150 ரூபாயைத் தாண்டலாகாது, குடிசையில் வைத்து இயக்கத்தக்கதாக இருக்க வேண்டும், ஒரு பெண் எட்டு மணி நேரம் அதிக அலுப்பின்றி நூற்க இயல வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுள் சில. கருவி யாருக்காக என்பது அங்கே முதலிலேயே முடிவாகிவிட்டது.

பெற்றதைத் திருப்பித் தருதல்

2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின்நிலையங்களின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. மகிழத்தக்க செய்தி இது. கரியைக் கக்காத மின்சாரம் ஆதலால், இனி எவ்வளவு செலவழித்தாலும் குற்றமில்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் தூய ஆற்றலுக்கும் கடன் உண்டு. சூரியத் தகடுகளின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். அதன் பின் அவை குப்பையாகச் சேரும். மின்கலங்களுக்கான உலோகங்கள் எங்கோ ஒரு மண்ணைத் தோண்டி எடுக்கப்படுகின்றன. திலோனியா இருக்கும் அதே ராஜஸ்தானின் பாலைநிலத்தில், அழிவின் விளிம்பில் உள்ள கானமயில்கள் மின்கம்பிகளில் மோதி மடிகின்றன. அப்பறவையைக் காக்க 2021-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு பிறப்பிக்க நேர்ந்தது. எவருக்கும் எந்த இழப்புமின்றிக் கிடைக்கும் போகம் உலகில் இல்லை என்பதற்கு இவை சான்று.

‘என் பணம், என் மின்சாரம், மிச்சத்தை நான் விரும்பியபடி செலவிட்டால் என்ன?’ என்று ஒருவர் கேட்கலாம். பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயம் உலகை ஒரு யக்ஞச் சக்கரமாகக் காண்கிறது. அந்தச் சக்கரத்திலிருந்து பெற்றுக்கொண்டு, திருப்பித் தராமல் தானே அனுபவிப்பதை அது களவு என்றே கருதுகிறது. சூரியனுக்கு விலை கொடுத்தவர் யார்? விளக்குக்குப் பின்னால் நிற்கும் பல தலைமுறைகளின் அறிவுக்குக் கட்டணம் செலுத்தியவர் யார்? கட்டணச் சீட்டில் காணும் தொகை ஒரு சிறு பகுதிக்கே ஈடாகும். யோக சாஸ்திரம் அபரிக்கிரகத்தை, அதாவது தேவைக்கு மேல் சேர்த்துக்கொள்ளாமையை, சாதகனின் முதல் நிலை ஒழுக்கங்களுள் ஒன்றாக வைத்தது. அடர்ந்த காட்டில் வாழ்ந்த முனிவருக்கு மட்டும் உரியதன்று அது. மின்விசிறியின் பொத்தானை அழுத்தும் இல்லறத்தாருக்கும் அது அன்றாட சாதனையே.

புதிய கருவி ஒன்றை வாங்கும்போது, எந்தத் தேவைக்காக இது என்று ஒரு கணம் மனத்தை வினவுவது அந்த சாதனையின் தொடக்கம். கருவி வந்தபின் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை, ஏழை மாணவன் ஒருவனின் படிப்புக்கென ஒதுக்குவது அதன் வளர்ச்சி. இவ்வாறு செய்பவரின் வீட்டில் 51 வாட்டும் இன்னொரு விளக்காகப் பெருகி வீணாவதில்லை. இன்னொருவரின் வாழ்வில் ஒளியாகிறது.

ஹன்லேயின் இரவு

லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் ஹன்லே என்ற சிற்றூர் உள்ளது. அங்கே ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் இரவெல்லாம் விண்ணை நோக்கி நிற்கின்றன. 2022-இல் அப்பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராம மக்களுக்கும் மின்விளக்கு உண்டு. அதை ஏற்றவும் செய்கிறார்கள். ஆனால் ஒளி வெளியே சிந்தாதபடி சன்னல்களுக்குத் திரையிடுகிறார்கள். தெருவிளக்கின் முகத்தைத் தரையை நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். தேவையான அளவு வெளிச்சத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, வானத்தை வானத்துக்கே விட்டுவிட்டார்கள்.

மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்களது விடை இது. நீட்ட முடிந்த கையை மனமுவந்து மடக்கிக்கொண்டார்கள். அதனால் அவர்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. நகரங்களில் பிறந்து வளரும் குழந்தைகள் பலர் கண்டிராத பால்வீதியை, அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே ஒவ்வொரு தெளிந்த இரவிலும் காண்கிறார்கள்.