அடுத்த வருஷம் முடிந்துவிடும்

அடுத்தவரிடம் சொல்கிற பொய்யைப் பற்றி நம் ஆட்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற பொய்? அது பாவக் கணக்கில் வருமா, வராதா?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் சூசன்னா கிளார்க் என்கிற இங்கிலாந்து எழுத்தாளர். அவருடைய முதல் நாவல் 2004-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 44. பெயர், 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்'. தலையணை சைஸ். 800 பக்கத்துக்குச் சற்றுக் குறைவு. நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில், எப்போதோ வழக்கொழிந்துபோன மந்திர வித்தையை இரண்டு பேர் திரும்பக் கொண்டுவருகிற கதை. அதில் ஒருவர் ராணுவத்தோடு போர்முனைக்கே போகிறார். படை நடந்து போக மந்திரத்தால் ரோடு போட்டுக் கொடுக்கிறார். எதிரிக்குப் பயன்படக் கூடாது என்பதால், படை கடந்த கொஞ்ச நேரத்தில் ரோடு காணாமல் போய்விடும். (நம் ஊர் கான்ட்ராக்டர்கள் மந்திரம் இல்லாமலே இதைச் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) போதாததற்கு, சுமார் 200 அடிக்குறிப்புகள். உலகத்தில் இல்லவே இல்லாத மந்திர நூல்களை, ஏதோ லைப்ரரியில் எடுத்துப் படித்த மாதிரி மேற்கோள் காட்டுகிற குறும்பு. 2005-ல் ஹ்யூகோ விருது, வேர்ல்ட் ஃபான்டஸி விருது இரண்டும் கிடைத்தன. முதல் நாவலுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

ஆனால், நான் சொல்ல வந்தது விருதைப் பற்றி அல்ல. அந்த நாவலை எழுத அவருக்குப் பத்து வருஷம் ஆனது. அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி.

1992-ல், வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார். டர்ஹம் பக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு வீடு. அங்கே உட்கார்ந்து நாவலை ஆரம்பிக்கிறார். கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வயிறு நிறையுமா? 1993-ல் கேம்பிரிட்ஜில், சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தில் எடிட்டர் வேலை. என்ன புத்தகம் தெரியுமா? சமையல் புத்தகம்! பகலெல்லாம் எத்தனை ஸ்பூன் மாவு, எத்தனை நிமிஷம் அடுப்பு என்று சரிபார்க்கிற உத்தியோகம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் மூன்று மணி நேரம் நாவல். அதுவும் ஒன்றாம் அத்தியாயம், இரண்டாம் அத்தியாயம் என்று வரிசையாக எழுதவில்லை. இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. பிறகு எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டுத் தைக்கிற வேலை. ஒழுங்காக முதலிலிருந்து ஆரம்பித்தால் கதை மேம்போக்காகப் போய்விடும் என்று பயம்.

நடுவில் ஒரு சுவாரஸ்யம். அதே 1993-ல் ஐந்து நாள் எழுத்துப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போகிறார். ஒரு சிறுகதையோடு வர வேண்டும் என்பது நிபந்தனை. இவரிடம் இருந்ததோ நாவல் துண்டுகளின் மூட்டை. அதிலிருந்து ஒரு கதையை உருவி எடுத்துக்கொண்டு போனார். வகுப்பு எடுத்தவர்களில் ஒருவரான கோலின் கிரீன்லாந்து அதைப் படித்து அசந்துபோய், இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எழுத்தாளர் நீல் கெய்மனுக்கு அனுப்பிவிட்டார். அவர் ஒரு தொகுப்பாசிரியருக்கு அனுப்ப, அந்த ஆசாமி போன் செய்து 'வெளியிடலாமா?' என்று கேட்டபோதுதான் அம்மணிக்கே விஷயம் தெரியும்! 1996-ல் அந்தக் கதை அச்சானது. சொல்லாமல் அனுப்பியவர் பிற்பாடு வாழ்க்கைத் துணையாகவே ஆகிவிட்டார் என்பதால், அவர் செய்தது சரியா தப்பா என்கிற விசாரணையை நாம் எடுக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு, பேட்டியில் அவர் சொன்ன விஷயம்தான் என்னை உலுக்கியது. பத்து வருஷம் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆரம்பித்தே இருக்க மாட்டாராம். அடுத்த வருஷம் முடிந்துவிடும், மிஞ்சிப்போனால் அதற்கடுத்த வருஷம் என்ற நினைப்புதான் அவரைத் தாங்கிப் பிடித்ததாம்.

யோசித்துப் பாருங்கள். பத்து வருஷம், ஒவ்வொரு வருஷமும், தனக்குத் தானே ஒரு பொய். உண்மை தெரிந்திருந்தால் புத்தகமே இல்லை.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, க்ளோசிங் ஸ்டாக்கை அடக்க விலையில் போடு அல்லது சந்தை விலையில் போடு. எது குறைவோ அது. பாதி தைத்த சட்டைக்குக்கூட ஏதோ ஒரு விலை உண்டு. முதல் நாவல் எழுதுகிறவரின் பாதி நாவலுக்குச் சந்தை விலை என்ன? பூஜ்யம். கிளார்க்கின் நாவலை இரண்டு பதிப்பகங்கள் விற்காது என்று திருப்பி அனுப்பியிருக்கின்றன. ப்ளூம்ஸ்பரி கைகொடுத்தது 2003-ல். அதற்கு முன்னால் எந்த வருஷம் மார்ச் 31-ல் ஓர் ஆடிட்டர் அவர் மேஜையைத் திறந்து பார்த்திருந்தாலும், 'ரைட் ஆஃப் பண்ணிடுங்கம்மா' என்றுதான் சொல்லியிருப்பார். அந்த ஆடிட்டர் மேல் தப்பும் சொல்ல முடியாது.

'அதான் ஜெயித்துவிட்டாரே, இப்போ என்ன?' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். ஜெயித்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் விடாமுயற்சி என்று தீர்ப்பு வரும். இதே மாதிரி ஐந்தரை மணிக்கு எழுந்து, இதே பொய்யைச் சொல்லிக்கொண்டு, கடைசிவரை பரணில் கிடக்கிற காகிதக் கட்டோடு முடிந்துபோன எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் செய்ததும் இதே காரியம்தானே! அதற்கு மட்டும் வேண்டாத பிடிவாதம் என்று பெயரா?

வள்ளுவரிடம் போகலாம் என்றால், அவர் இரண்டு பக்கமும் பேசுகிறார். 292-வது குறளில், குற்றமில்லாத நன்மை கிடைக்குமென்றால் பொய்யும் உண்மைக்குச் சமானம் என்று சலுகை கொடுக்கிறார். அடுத்த குறளிலேயே, உன் நெஞ்சுக்குத் தெரிந்த விஷயத்தில் பொய் சொல்லாதே, நெஞ்சே உன்னைச் சுடும் என்று கதவைச் சாத்துகிறார். நன்மை கிடைக்குமா என்பது பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். பொய்யை இன்றைக்கே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஆடிட்டர் ஆபீசில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியபோது ஒரு சீனியரைப் பார்த்தேன். சி.ஏ. ஃபைனல் எழுதிக்கொண்டே இருந்தார். அப்போது மே மாதம் ஒன்று, நவம்பர் மாதம் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு பரீட்சை.

"என்னண்ணே, ரிசல்ட் என்னாச்சு?"

"மூணு மார்க்ல போயிருச்சு தம்பி. நவம்பர்ல அடிச்சிருவேன் பாரு."

அண்ணன் சோம்பேறி இல்லை. அவரும் விடியற்காலையில் எழுந்து படிக்கிறவர்தான். அவர் சொன்னதை அவரே நம்பினார். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால், வீட்டை நடத்தியது அவருடைய அக்காவின் ஆரம்பப் பள்ளிச் சம்பளம். தம்பி பாஸ் செய்து தலையெடுத்ததும் அக்கா கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. ஒருநாள் அவர் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸைக் கொடுக்க ஆபீசுக்கு வந்த அக்கா, படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, நீங்க மறைக்காம சொல்லுங்க. இவன் பாஸ் பண்ணிருவானா?"

"நல்லாப் படிக்கிறாருக்கா" என்றேன். அது உண்மைதான். அவர் கேட்டது அதை இல்லை.

அந்த அக்காவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். இருவரும் ஒரே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டார்கள். இருவருமே நம்பித்தான் சொன்னார்கள். 'மனசார நம்பினால் அது பொய்யில்லை' என்கிற சமாதானம் இங்கே செல்லாது. வித்தியாசம் எங்கே என்றால், பற்று யார் பெயரில் எழுதப்பட்டது என்பதில். கிளார்க் செலவழித்தது தன்னுடைய தூக்கத்தை. அப்புறம் குளித்துச் சாப்பிட்டு சமையல் புத்தகம் திருத்தப் போய்விட்டார். மாசம் பிறந்தால் சம்பளம். அண்ணன் செலவழித்தது அக்காவின் வருஷங்களை.

இப்படிச் சொல்லும்போதே எனக்குள் ஓர் ஆட்சேபமும் எழுகிறது. யாருக்கும் ஒரு பைசா செலவு வைக்காமல்தான் கலை செய்ய வேண்டும், பரீட்சை எழுத வேண்டும் என்றால் உலகத்தில் பாதிக் காரியம் நடக்காது. வீடு என்று இருந்தால் ஒருவர் கனவை இன்னொருவர் கொஞ்சம் சுமக்கத்தான் செய்வார். சுமக்கிறவருக்கு அது கனவு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். கிரீன்லாந்து தானே நாவலாசிரியர். அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்தவர். நாவல் என்பது சொன்ன தேதிக்கு முடியாத சமாச்சாரம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவிடம் சொல்லப்பட்டதோ 'நவம்பர்ல கன்ஃபர்ம்'. உத்தேசக் கணக்கை உத்தேசம் என்று சொல்லிக் காட்டினால் அது பட்ஜெட். அதையே நிஜக் கணக்கு என்று காட்டிக் கடன் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. தனக்கு மட்டும் சொல்லிக்கொள்கிற வரை அந்தப் பொய்யை நான் மன்னித்துவிடுவேன். அதைச் சொல்லி அடுத்தவர் வயசைக் கடன் கேட்கும்போது முடியாது. ப்ளூம்ஸ்பரியும் அந்த நாவலைத் திருப்பி அனுப்பியிருந்தால்கூட கிளார்க் விஷயத்தில் என் தீர்ப்பு மாறாது.

கதை இத்துடன் முடியவில்லை. முதல் நாவல் வெளியாகி, ஊர் ஊராகப் போய்ப் புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்த பிறகு, 2005 வாக்கில் கிளார்க் ஒருநாள் சுருண்டு விழுந்தார். தீராத களைப்பு நோய். வருஷக்கணக்காக வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நிலை. இதே உலகத்தில் நடக்கிற அடுத்த நாவலின் வேலை அப்படியே நின்றது. ஐந்தரை மணிக்கு எழுந்திருக்க உடம்பு இருந்தால்தானே 'அடுத்த வருஷம்' என்று சொல்லிக்கொள்ள முடியும்! அந்தப் பழைய பொய் இப்போது வேலைக்கு ஆகவில்லை.

2015-ல் பி.பி.சி. அவருடைய முதல் நாவலை ஏழு பகுதி டி.வி. தொடராக ஒளிபரப்பியது. படப்பிடிப்பைப் பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் அவரை எழுத்தாளராக நடத்த, நாமும் எழுத்தாளர்தானே என்ற நினைப்பு அவருக்குத் திரும்ப வந்ததாம். இந்த முறை உடம்பின் அளவுக்குத் துணியை வெட்டினார். நின்றுபோன பெரிய நாவலைத் தள்ளி வைத்துவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய பாத்திரங்களோடு சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டார். 'பிரனேசி'. 300 பக்கத்துக்குள் முடிந்துவிடும். 2020-ல் வெளிவந்தது, முதல் நாவலுக்குப் பதினாறு வருஷம் கழித்து. 2021-ல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு அதற்குத்தான்.

அந்த நாவலின் நாயகன், சிலைகள் நிறைந்த முடிவில்லாத மண்டபங்கள் கொண்ட ஒரு மாளிகையில், கிட்டத்தட்டத் தனியாக வாழ்கிறவன். விடாமல் டைரி எழுதுகிறான். ஆனால், வருஷத்துக்கு நம்பர் போடுவதில்லை. அல்பட்ராஸ் என்ற பெரிய கடல்பறவை ஒன்று தென்மேற்கு மண்டபங்களுக்கு வருகிறது. அந்த வருஷத்துக்கு அந்தப் பறவையின் பெயரையே வைத்துவிடுகிறான்.