எண்ணும் சாட்சியும்

ஜீன்களைக் கொண்டு வருங்காலப் பித்தைக் கணக்கிடுவதில் ஒழுக்கப் பிரச்சினை எங்கே தொடங்குகிறது? கணக்கு தவறும்போது என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. சரியான கணக்கும் ஒரு மனிதனுக்குத் தீங்கு செய்ய முடியும்.

அன்று டிமென்ஷியா ப்ரீகாக்ஸ் என்று அழைக்கப்பட்ட மனச்சிதைவு நோயாளிகளின் உடன்பிறந்தோரைக் கணக்கெடுத்து, 1916-ல் எர்னஸ்ட் ரூடின் ஜெர்மனியில் ஒரு நூல் வெளியிட்டார். மெண்டலின் எளிய விகிதம் அதில் அகப்படவில்லை. அது அவரைத் தடுக்கவுமில்லை. 1933-ல் ஜெர்மனி கட்டாய மலடாக்கும் சட்டம் இயற்றியபோது அதன் நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு இருந்தது. சட்டத்திற்கு விளக்கவுரை எழுதிய மூவரில் ரூடின் ஒருவர். 1945-க்குள் சுமார் 4 லட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். கூட்டத்தைப் பற்றிய ஒரு வாக்கியம் தனி உடலின் மேல் உத்தரவாக இறங்கியது.

இன்றைய விஞ்ஞானம் அடக்கமாகவே பேசுகிறது. 2022-ல் வெளியான பெரிய ஆய்வு, இந்நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபுத்தொகுதியில் குறித்தது. ஒவ்வொன்றின் பங்கும் அற்பம். எல்லாவற்றையும் கூட்டிப் பெறும் மதிப்பெண்ணும் தனி ஒருவரின் விதியைச் சொல்லப் போதாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் கண்டாலும் மற்றவர் தப்பிவிடுவது சகஜம். 22-வது க்ரோமோஸோமில் ஒரு குறிப்பிட்ட துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சிதைவோ அதையொத்த கோளாறோ வருகிறது. பெரிய எண்தான். மற்ற மூவருக்கு வருவதில்லை.

எண் பேசுவது கூட்டத்தைப் பற்றி. கேட்பது தனி ஆள். வங்கியில் கடன் மனுக்களைப் பார்ப்பவன் என்ற முறையில் இந்த இடைவெளி எனக்குப் பழக்கமானது. நூறு கடனில் சில வாராக்கடனாகும் என்று லெட்ஜருக்குத் தெரியும். எவை என்று தெரியாது. ஆனால் மனுதாரருக்கு அவர் வாக்கு மிஞ்சுகிறது. 'கட்டிவிடுவேன்' என்று சொல்லலாம். நாங்கள் நம்பலாம், நம்பாமல் விடலாம். இருதய நோய் வரக்கூடும் என்று சொல்லப்பட்டவனுக்கும் வாக்கு மிஞ்சுகிறது. பித்து வரக்கூடும் என்று சொல்லப்பட்டவனின் நிலை வேறு. எந்த மனத்தின் மேல் சந்தேகம் விழுந்ததோ, அந்த மனம்தான் சந்தேகத்திற்குப் பதிலும் சொல்லியாக வேண்டும். இனி அவன் கோபம் அறிகுறி. தூக்கமின்மை, தனிமை, எழுதிய கவிதை எல்லாமே அறிகுறி. வீட்டார் அவனை உற்றுப் பார்க்கிறார்கள். அவனும் தன்னையே ஒட்டுக்கேட்கத் தொடங்குகிறான். 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற சாதாரண வாக்கியம், நோய் வருமுன்பே, அவனிடமிருந்து பறிபோகிறது.

அறியாமையை நான் சிபாரிசு செய்யவில்லை. அந்தத் துண்டில்லாத குழந்தையின் இருதயத்தையும் கால்சியத்தையும் முன்கூட்டியே கவனிக்க அறிவு உதவுகிறது. மனத்தைக் கவனிக்கவும் உதவலாம். அறிவு யார் கையில் என்பதும் முக்கியம்தான். அமெரிக்காவின் 2008-ம் வருஷத்துச் சட்டம், வேலை கொடுப்பவரும் மருத்துவ இன்ஷூரன்ஸ் கம்பெனியும் மரபுத் தகவலை வைத்துப் பாரபட்சம் காட்டுவதைத் தடுத்தது. ஆயுள் இன்ஷூரன்ஸை விட்டுவிட்டது. ஆனால் கல்யாணப் பேச்சில், சாப்பாட்டுக் கூடத்தில் பார்வை மாறுவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

எண்ணைச் சொல்பவர் கூடவே ஒரு கடமையையும் ஏற்கிறார்: அந்த மனிதன் தன்னைப் பற்றிச் சொல்வதை முன்போலவே சாட்சியமாகக் கேட்பது. அதற்குத் தயாராக இல்லாதவருக்கு, எண் எவ்வளவு சரியாக இருந்தாலும், அதைச் சொல்லும் உரிமை இல்லை.