யாரை நம்பிச் சொன்ன பேச்சு?

தருண் விஜய்யைத் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தலைக்கு மேல் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். உத்தராகண்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போன பாஜகக்காரர். போன இடமெல்லாம் திருக்குறளின் பெருமை பேசினார். ஹரித்வாரில் வள்ளுவருக்குச் சிலை வைக்க முன்னின்றார். அவர்தான் 2017 ஏப்ரலில், நொய்டா பக்கம் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டதைப் பற்றிய அல் ஜசீரா விவாதத்தில் அந்தப் பேச்சைப் பேசினார். எங்களுக்கு நிறவெறி இருந்தால் தமிழர், மலையாளி, கன்னடர், ஆந்திரர் என்று தென்னிந்தியர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்வோம், எங்களைச் சுற்றிலும் கறுப்பு மனிதர்கள் இருக்கிறார்களே என்பது அதன் சாரம். கண்டனம் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார்.

குறளை நேசித்தவர் நிறவெறியரா என்று அப்போது பலரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை என்பது என் எண்ணம். ஒருவர் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம் எட்டிப் பார்க்க முடியாது. அவரும் தன் நெஞ்சில் கள்ளமில்லை என்று சத்தியம் செய்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். நான் கேட்பது வேறு. இதைச் சொன்னால் யார் தலையாட்டுவார்கள் என்று நம்பினார்? யார் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று நம்பினார்? தருண் விஜய்யின் கணக்கு இரண்டாவதில் தப்பியது. நமக்கு வாய் இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, ஓட்டு இருந்தது. திருப்பிக் கேட்டோம்.

இதே கேள்விகளை நம் வீட்டுப் பேச்சிலும் கேட்க வேண்டும். 2022 மே 13 அன்று கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், அன்றைய ஆளுநர் ஆர்.என். ரவி மேடையில் இருக்க, அப்போதைய உயர்கல்வித்துறை அமைச்சர் க. பொன்முடி பேசினார். இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, கோயம்புத்தூரில் பானிபூரி விற்பவர்கள் யார் என்று கேட்டார். வடக்கே வேலை இல்லாததால் இங்கே வருகிறார்கள் என்ற பொருளில்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கமும் தந்தார். 2023 டிசம்பரில் திமுக எம்.பி. தயாநிதி மாறனின் பழைய பேச்சு ஒன்று பரவியது. அதில் பானிபூரிக்குப் பதில் கட்டட வேலையும் கழிப்பறை கழுவுவதும்.

இருமொழிக் கொள்கையில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை. இந்தி தெரிந்தால்தான் பிழைப்பு என்பது பொய், அதைப் பொய் என்று சொல்லவே வேண்டும். ஆனால் அதைச் சொல்ல உழைத்துச் சாப்பிடும் ஒருவனைக் கேலிப்பொருளாக நிறுத்த வேண்டிய தேவை என்ன? மாநிலங்களின் கல்வியை, வருமானத்தை, தொழில் வளர்ச்சியைக் காட்டி அந்த வாதத்தை இன்னும் வலுவாக வைக்கலாம். அதற்குக் கைதட்டல்தான் கொஞ்சம் குறையும்.

நான் இருப்பது கும்மிடிப்பூண்டியில். சிப்காட்டுக்குள் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ரோலிங் மில்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. உலைக்கு முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, முகமெல்லாம் கரி அப்பி, சாப்பாட்டுத் தூக்கோடு தகர ஷெட்டுக்குத் திரும்புவார்கள். எங்கள் தெரு மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய் வந்துவிட்டது, கோதுமை மாவு மூட்டை மூட்டையாக இறங்குகிறது. காசு வாங்கும்போது கடைக்காரர் "பையா" என்பார். அவன் முதுகைத் திருப்பியதும் "வடக்கன்" ஆகிவிடுவான். ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குக் கொடுக்கும் கூலியைவிட வெளிமாநில ஆளுக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று 1979-லேயே சட்டம் வந்துவிட்டது. நடப்பில் காண்டிராக்டர்கள் அவர்களைத் தேடிப் பிடிப்பதே சங்கம் சேர மாட்டார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பதற்காகத்தான். மட்டமாகப் பேசப்படுகிறவனுக்கு மட்டமான கூலி கொடுப்பது எளிது. அவன் கூலி குறைந்தால் உள்ளூர்க்காரன் கூலியும் சேர்ந்து சரியும். பின்பு உள்ளூர்க்காரன் காண்டிராக்டரை விட்டுவிட்டு வடக்கன் மேல் கோபப்படுவான்.

பானிபூரிப் பேச்சு டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது பைபாஸ் ஓரத்து டீக்கடையில் நல்ல கூட்டம். எல்லோரும் சிரித்தார்கள். டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஒடிசாப் பையன் நிமிர்ந்து பார்த்தான். என்ன விஷயம் என்று புரியாமலே, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவனும் சிரித்தான். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர், பெயிண்ட் வேலைக்குப் போகிறவர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்கட நாட்டிலயும் முதல்ல பகிடியாத்தான் தொடங்கினது, தம்பி."

அவர் எதைச் சொன்னார் என்று விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலை முற்பகுதியில் இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனே லண்டன் டெய்லி டெலிகிராப் இதழுக்கு அளித்த பேட்டியில், யாழ்ப்பாண மக்களின் கருத்தைப் பற்றியோ உயிரைப் பற்றியோ இப்போது தனக்குக் கவலை இல்லை என்ற பொருளில் பேசினார். அந்த மாதம் முடிவதற்குள் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பானிபூரிப் பேச்சையும் அந்தப் பேட்டியையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அங்கே அரசின் படையும் காடையரும் அந்தப் பேச்சின் பின்னால் நின்றார்கள். ஆனால் ஒரு தலைவர் அப்படிப் பேசக்கூடிய இடத்துக்கு நாடு ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. அதற்கு முன்னால் எத்தனையோ டீக்கடைச் சிரிப்புகள் உண்டு. அந்தப் பாதையை நடந்தே கடந்தவர் அந்தப் பெரியவர்.

அவருக்கும் டம்ளர் கழுவும் பையனுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இருவருக்குமே எங்கள் தொகுதியில் ஓட்டு இல்லை. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில்கூடப் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தொழிலாளியின் பெயரோ ஊரில், பீகாரிலோ ஒடிசாவிலோ உள்ள பட்டியலில் இருக்கிறது. அவர்களைப் பற்றி என்ன பேசினாலும் செலவில்லை. பொன்முடி விஷயத்திலேயே பாருங்கள். பானிபூரிப் பேச்சுக்குப் பிறகும் அமைச்சராகவே இருந்தார். 2025 ஏப்ரலில் பெண்களையும் சைவ வைணவத்தையும் இழிவுபடுத்திப் பேசியபோது கட்சிப் பதவி உடனே போனது, அந்த மாதக் கடைசியில் அமைச்சர் பதவியும் போனது. போனது நியாயமே. ஆனால் முதல் பேச்சுக்கு ஒரு கண்டிப்புகூட ஏன் இல்லை?

மாறனின் பேச்சில் என்னை அதிகம் உறுத்துவது அந்தக் கழிப்பறைதான். அதைக் கழுவுவது கேவலம் என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, கேட்டதும் புரிந்தது. நம் ஊராட்சிகளில் விடியற்காலையில் குப்பை அள்ளும், சாக்கடை தூர்வாரும் பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? அவர்கள் அச்சு அசல் தமிழர்கள். பீகார்க்காரனைக் குறிவைத்துச் சொன்ன சொல் வழியிலேயே அவர்களையும் அடித்துவிட்டுப் போகிறது. செய்யும் வேலையை வைத்து ஆளை அளப்பது வடக்கேயிருந்து யாரும் ரயிலேற்றிக் கொண்டுவந்த பழக்கமல்ல, இங்கேயே நாம் ஊட்டி வளர்த்தது. சாதியை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் மேடையில் அந்தச் சொல் வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. வடிகட்டிய பொய். பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஆனாலும் இங்கே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்கள்கூட அதை நம்பி ரயில் ஏறினார்கள். பொய்யைப் பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது சரி. அவ்வளவு சுலபமாக அவர்கள் நம்பும்படி நாம் தினமும் அவர்களிடம் என்ன பேசி வந்தோம் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் கவிழ்ந்தும் உயிர்ச்சேதம் இல்லை. இருட்டில் டார்ச்சோடு முதலில் ஓடியது சுற்றுவட்டாரத்து மக்கள்தான். கல்யாண மண்டபத்தைத் திறந்து உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தோம். அன்று யார் வாயிலும் வடக்கன் என்ற சொல் வரவில்லை. மேடையில் நிற்பவர்கள் எங்களுடைய இந்தக் குணத்தை நம்பிப் பேசலாமே. ஏன் அந்தச் சிரிப்பை மட்டும் நம்புகிறார்கள்?

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் இங்கே அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். போன வருஷம் ரோலிங் மில் தொழிலாளி ஒருவரின் மகள், நான்காம் வகுப்பு, ரேஷன் கடை வாசலில் தன் அம்மாவுக்கு அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசித்து, ஒடியாவில் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி எந்த அமைச்சர் பானிபூரி என்றாலும் கழிப்பறை என்றாலும், அது அவள் அப்பாவைப் பற்றிய பேச்சு என்பது அவளுக்கு ஒரு சொல் விடாமல் புரியும்.