துணைவி என்றால் போதுமா?

கோ. நடேசய்யர் யார் என்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர் அவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஐயருக்குத் துணையாக இருந்தவர், கூட்டங்களில் பாடுவார்" என்பார்கள். இந்தப் பதில் நீதியானதா?

அன்று தொழிலாளருள் வாசிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர். பத்திரிகையில் எழுதுவது லயத்துக்குப் போய்ச் சேராது. மேடைப் பேச்சோ மறுநாள் பிரட்டுக்களத்திலேயே பாதி மறந்துவிடும். தெரிந்த மெட்டில் கட்டிய பாட்டுத்தான் கொழுந்து மலைவரை கூடவே போகும். 1939 இல் அரசாங்கம் தினக்கூலி இந்தியர்களை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. அந்தக் காலத்தின் அவலங்களை அம்மையார் பாட்டாக்கினார். 1940 இல் அவை ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற நூலாக வெளிவந்தன. தலைப்பைக் கவனியுங்கள். ஓர் அரசியல் அறிக்கைக்கு இடக்கூடிய தலைப்பு! கூட்டம் சேர்ப்பதற்காக மட்டும் பாடியவர் இப்படித் தலைப்பிடுவாரா?

"கணவரின் கொள்கையைத்தானே பாடினார்" என்று நீங்கள் கேட்கலாம். சரி, பிறர் வகுத்த கொள்கையை மேடையில் பேசும் ஆணை நாம் பேச்சாளர் என்கிறோம், தலைவர் என்கிறோம். அதையே மனைவி செய்தால் மட்டும் ‘துணை’ ஆகிவிடுகிறாள்.

இது பழைய வழக்கந்தான். கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில், மிலேத்து நகரிலிருந்து ஏதென்சுக்கு வந்து வாழ்ந்தவர் அஸ்பாசியா. அங்கே குடியுரிமை அற்றவர் (நமக்குப் பழக்கமான நிலைதான்). ஆட்சித் தலைவர் பெரிக்கிளீஸின் வாழ்க்கைத் துணை. தமக்குப் பேச்சுக்கலை கற்பித்தவர் இவரே என்று சோக்கிரட்டீஸ் சொல்வதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். அது நையாண்டி என்று கொள்வோரும் உண்டு. எப்படித் தீர்ப்பது? அஸ்பாசியா எழுதியதாக ஒரு நூலும் நமக்குக் கிட்டவில்லை. ஆண்கள் எழுதிவைத்ததே மிச்சம்.

மீனாட்சி அம்மாள் விஷயத்தில் அந்தச் சாக்கு நமக்கில்லை. அவர் சொன்னது அச்சில் இருக்கிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கொழுந்து கொய்யும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. ஆயினும் ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் தோட்டப் பெண்ணுக்கு 1984 இல்தான் கிடைத்தது. அதுவரை அவளுடைய உழைப்பும் வீட்டு வருமானத்துக்கு ஒரு ‘துணை’ என்றே மதிக்கப்பட்டது போலும்.

உங்கள் ஊர் வாசிகசாலையில் அம்மையாரின் பாடல்கள் இருக்கின்றனவா? வரும் ஞாயிறு போய்க் கேட்டுப் பாருங்களேன்.