கொடுத்துவைத்த ஊர்

நீங்கள் கடைசியாக சைக்கிள் ஓட்டியது எப்போது? ஜிம்மில் நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளைச் சொல்லவில்லை. ரோட்டில் ஓடுகிற நிஜ சைக்கிள்.

'எந்த ரோட்டுல ஸார் ஓட்டறது?' என்று திருப்பிக் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முன்னால் தண்ணீர் லாரி, பின்னால் மாநகரப் பேருந்து, இடுப்பை உரசிக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ. இதற்கு நடுவே சைக்கிள் ஓட்டினால் வீட்டில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒருமுறை நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போய்ப் பாருங்கள். கடலூர் மாவட்டம், கடலில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் நகரியத்துக்குள் நுழைந்துவிட்டால் கதையே வேறு. நம்பர் போட்ட வட்டங்கள், கோடு போட்ட மாதிரி தெருக்கள், குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் மாவும் பலாவும். பகல் பதினோரு மணிக்கு உள்தெருக்களில் மிதித்துப் போனால், உங்கள் சைக்கிள் செயின் சத்தம் உங்களுக்கே கேட்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, பரீட்சை பேப்பரைப் பற்றி வம்பளந்தபடி போவார்கள்.

'அடடா, கொடுத்துவைத்த ஊர்ப்பா!' என்று வாய் தானாகச் சொல்லும்.

சரி. கொடுத்துவைத்த ஊர். கொடுத்தது யார்?

காட்டில் அமைதி தானாக இருக்கும். சாலையில் அப்படி இருக்காது. யாரோ திட்டம் போட்டிருப்பார்கள், யாரோ விலை கொடுத்திருப்பார்கள். சைக்கிளுக்குப் பெயர்போன ஹாலந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971ல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதில் நானூறு பேருக்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் அரசாங்கம் திரும்பிப் பார்த்தது. இன்று நாம் போட்டோவில் பார்த்து ஏங்குகிற அந்தச் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நெய்வேலிக்கும் ஒரு கணக்கு உண்டு.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி. பிறகு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தை அவர் தானமாகவே கொடுத்தார். 1956ல் நிறுவனம் பிறந்தது. 1957ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962ல் மின்சாரம் வந்தது. கூடவே ஒரு நகரமும் எழுந்தது. வீடு, பள்ளி, கடைத்தெரு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே வரைபடத்தில். இரண்டு பக்கமும் மரம் வைக்க இடம் விட்டு, தாராளமான சாலைகள். 2011 டிசம்பர் 30ல் 'தானே' புயல் அந்த மரங்களில் ஏராளமானவற்றைச் சாய்த்துவிட்டுப் போனது. இன்றைய நிழலுக்கு மறுபடியும் உழைக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு தாராளமாக இடம் எப்படிக் கிடைத்தது? சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வேண்டிய நிலத்தில் கிராமங்கள் இருந்தன. அங்கேயும் முந்திரி இருந்தது, பலா இருந்தது. லாரி வராத வண்டிப்பாதையும் இருந்திருக்கும். அந்த மக்கள் எழுந்து வேறு இடம் போனார்கள். அவர்கள் எல்லோரும் முதலியார் மாதிரி தானம் கொடுத்தவர்கள் இல்லை. சட்டம் கேட்டது, கொடுத்தார்கள்.

சத்தமும் ஒழிந்துவிடவில்லை. இடம்தான் மாறியிருக்கிறது. நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணை ராட்சத இயந்திரங்கள் வெட்டி எடுக்க வேண்டும். அடியிலிருந்து நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அதை இராப்பகலாக பம்ப் வைத்து இறைத்தால்தான் சுரங்கம் பிழைக்கும். மண்ணும் கரியும் சாம்பலும் எங்கேயாவது போயாக வேண்டும்.

இப்போது இரண்டு பையன்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் பதினாறு வயது. ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த ஒரே மாதிரி சைக்கிள். ஒருவன் நகரியத்தின் மர நிழலில் ஓட்டிப் போகிறான். இன்னொருவன் சுரங்கத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து, லாரிப் புழுதியில் கண்ணை இடுக்கிக்கொண்டு வருகிறான். முதல் பையன் ஏதாவது தப்பு செய்தானா? இல்லை. ஆனால் அவன் அனுபவிக்கிற சுகத்தில் இரண்டாமவன் வீட்டுப் பங்கு இருக்கிறதா? இருக்கிறது.

'அதான் நஷ்டஈடு கொடுத்தாச்சே?' என்பீர்கள். கொடுத்தார்கள். அது போதாது, வீட்டுக்கொரு நிரந்தர வேலை வேண்டும் என்ற குரல் அந்தப் பகுதியில் இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிர் மேலேயே இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷம் முன்பே கையகப்படுத்தியதுதான் என்றது நிர்வாகம். காகிதப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த நமக்குச் சோறு இறங்கியதா? பத்திரத்தில் கைமாறுகிற எல்லாமே மனசில் கைமாறிவிடுவதில்லை.

'நாட்டுக்கு கரண்ட் வேண்டாமா?' என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் வேண்டும். அங்கேதான் நீங்களும் நானும் மாட்டிக்கொள்கிறோம். நெய்வேலி மின்சாரம் நெய்வேலியில் மட்டுமா எரிகிறது? தமிழ்நாட்டுக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறது. உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனிலும் அது இருக்கலாம். இவான் இலிச் என்ற சிந்தனையாளர் 1970களில் ஒரு கணக்குச் சொன்னார்: சைக்கிளில் போகிறவன் நடப்பவனைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகப் போகிறான், செலவழிக்கும் சக்தியோ ஐந்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சிக்கனமான ஒரு வண்டிக்கு, மின்சாரத்துக்காகவே பிறந்த ஊரில் இவ்வளவு நல்ல சாலை!

அப்படியானால் என்ன செய்வது? குற்ற உணர்ச்சியில் சைக்கிளைப் பரணில் தூக்கிப் போட்டுவிடலாமா? போட்டால் யாருக்கும் ஒரு சென்ட் நிலம்கூடத் திரும்பி வராது. நம்மால் சுகப்பட முடியவில்லையே என்கிற வருத்தம் வேறு, பிறருக்குச் செய்யவேண்டியது வேறு.

ஒரு பொருள் நம் கைக்கு மூன்று வழியில் வரும். தானமாக வந்தால் நன்றி சொல்ல வேண்டும். விலைக்கு வாங்கினால் கணக்கு அத்தோடு முடிந்தது. கடனாக வந்தால் திருப்பித் தர வேண்டும். நம் சுகங்களில் பலதும் கடனாக வந்தவை. விலைக்கு வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். தப்பு அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கடனை நிழலாகவே அடைக்கலாம். உள்ளே மரம் வைத்த அக்கறையோடு வெளியே கிராமத்துச் சாலையிலும் மரம் வைப்பது. லாரி போகிற வழியையும் பிள்ளைகள் போகிற வழியையும் பிரிப்பது. கொடுத்த வேலை வாக்குறுதியைக் கோப்பில் தூங்க விடாமல் இருப்பது. இதெல்லாம் நிர்வாகத்தின் வேலைதான். ஆனால் கிராமத்துக்காரர் கேட்கும்போது, உள்ளே நிழலில் இருப்பவரும், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பவரும், 'இவங்களுக்கு இதே வேலையாப் போச்சு' என்று சொல்லாமல் இருந்தாலே அது முதல் தவணை.

நெய்வேலி தூரம் என்று நினைக்காதீர்கள். உங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் 'வெளியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை' என்று போர்டு தொங்குகிறதா? உள்ளே உங்கள் பேத்தி பயமில்லாமல் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறாள். சந்தோஷம். அந்த கேட்டில் திருப்பி அனுப்பிய வண்டிகள் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகின்றன. அங்கேயும் ஒரு குழந்தை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அந்தத் தெருவுக்கு வேகத்தடை வேண்டும் என்று வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு வந்தால், நீங்களும் அதில் கையெழுத்துப் போடுவீர்களா?